அடம்பன் கொடி கடலைத் தடுக்குமா?

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழி ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிற எந்த மேடையிலும் காதில் விழும். ஆனால் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அந்தக் கொடியைக் காட்டச் சொன்னால் பலர் விழிப்பார்கள். இலங்கையில் அடம்பன் என்கிறார்கள். தமிழ்நாட்டில் அடப்பங்கொடி, அடம்பு. பழைய பாட்டுகளில் அடும்பு. நான் இங்கே அடும்பு என்றே எழுதுகிறேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. போன கோடையில் எங்கள் ஊர்க் கடற்கரையைச் சுத்தம் செய்ய வந்தவர்கள், பிளாஸ்டிக் பொறுக்கிய கையோடு இந்தக் கொடியையும் பிடித்து இழுத்து, சுருட்டி, குப்பையோடு குப்பையாகக் குவித்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு "களைதானே" என்றார்கள். அது நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, டீக்கடையில் ஒருவர் நேர்மாறாகச் சொன்னார்: இந்தக் கொடியை நட்டால் கடல் ஊருக்குள் வராதாம், சுனாமியே நின்றுவிடுமாம்.

இரண்டுமே தவறு. எனக்கு இரண்டாவதுதான் அதிகக் கவலை தருகிறது. "கொடி நட்டாயிற்று, இனிப் பயமில்லை" என்று நம்பிவிட்டால் அடுத்தது அலை ஓரமாக வீடு கட்டுவதுதான். அடும்பு நிஜமாகவே ஒரு பெரிய வேலை செய்கிறது. ஆனால் அது கடலோடு மோதும் வேலை இல்லை, காற்றோடு பழகும் வேலை.

## எந்தக் கொடியைச் சொல்கிறேன்

அலை எட்டும் கோட்டுக்கு மேலே, காய்ந்த மணல் தொடங்கும் இடத்தில் தரையோடு படர்ந்து கிடக்கும். இலை தடிப்பானது, நடுவில் பிளந்து இரண்டாகப் பிரிந்திருக்கும், கிள்ளினால் பால் வரும். பூ இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல். காலையில் விரியும், வெயில் ஏறிய பிறகு வாடிவிடும், ஒரு நாள்தான் அதன் ஆயுள்.

அந்தப் பிளந்த இலையைக் குறுந்தொகைப் பாட்டு ஒன்று மானின் அடிக்கு ஒப்பிடுகிறது. 1753-இல் லின்னேயஸ் இதே கொடிக்குப் பெயர் வைத்தபோது அவருக்கு அது ஆட்டுக் குளம்பாகத் தெரிந்திருக்கிறது. ஐபோமியா பெஸ்-காப்ரே என்ற இன்றைய அறிவியல் பெயரில் பெஸ்-காப்ரே என்றால் ஆட்டின் கால் என்று பொருள். நம் பக்கத்திலும் இதை ஆட்டுக்கால் அடம்பு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சர்க்கரைவள்ளி, வள்ளைக்கீரை, வேலியில் ஊதாவாகப் பூக்கும் கொடிகள், இவையெல்லாம் இதன் சொந்தங்கள். இந்தக் குடும்பத்தில் பல கொடிகள் கம்பைச் சுற்றிக்கொண்டு ஏறும். கடற்கரையில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? அதனால் அடும்பு ஓடுகிறது, ஒரே கொடி பல மீட்டர் நீளத்துக்கு. வெப்பமண்டலக் கடற்கரைகளில் உலகம் முழுக்க இது பரவியிருப்பதற்கு விதைதான் காரணம். பழுப்பு ரோமம் மூடிய கெட்டியான விதை, உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் மிதந்தும் முளைக்கும் சக்தியை இழப்பதில்லை.

## முதலில் காற்றைப் புரிந்துகொள்வோம்

முறத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பதர் தள்ளிப் போய் விழும், மணி காலடியிலேயே விழும். காற்று ஒன்றுதான், எடைதான் வேறு.

கடற்கரைக் காற்றும் இப்படித்தான் பிரிக்கிறது. தூசி மேலே எழும்பி எங்கோ போய்விடும். மணல் பருக்கை அப்படிப் பறக்காது, அது கனம். அதே சமயம் அசையாமல் கிடக்கிற அளவுக்குக் கனமும் இல்லை. மில்லிமீட்டரில் கால்வாசி இருக்கிற ஒரு பருக்கையைக் காற்று கொஞ்சம் தூக்கும், முன்னால் தள்ளும், கீழே விட்டுவிடும். விழுகிற பருக்கை சும்மா விழுவதில்லை. கோலி விளையாட்டில் ஒரு குண்டு மற்றக் குண்டுகளைச் சிதறடிக்குமே, அது மாதிரி தரையில் கிடக்கும் இரண்டு மூன்று பருக்கைகளை அடித்துக் கிளப்பிவிடும். அவற்றைக் காற்று பிடித்துக்கொள்ளும். அவை விழுந்து இன்னும் சிலவற்றைக் கிளப்பும். மணலின் இந்த நடைக்குத் துள்ளல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். காற்று வேகமாக வீசும் பிற்பகலில் கடற்கரையில் நின்றால் கணுக்காலில் ஊசி குத்துவது போல இருக்கும், ஆனால் முகத்தில் அவ்வளவாகப் படாது. அதுதான் துள்ளல். மணலில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழேயே நகர்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இன்னொரு விஷயம், இதுதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் லிபியப் பாலைவனத்தில் கார் ஓட்டித் திரிந்தவர். பிறகு ஊர் திரும்பி, ஒரு கூண்டுக்குள் காற்றை ஓடவிட்டு மணல் எவ்வளவு நகர்கிறது என்று அளந்து, 1941-இல் அதைப் புத்தகமாக எழுதினார். அவர் கண்டது: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் நகரும் மணல் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறத்தாழ எட்டு மடங்கு ஆகிறது. திருப்பிப் பாருங்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மணல் எட்டில் ஒரு பங்குக்கு விழுந்துவிடும். அதற்கும் கீழே ஒரு எல்லை உண்டு, தரையோரக் காற்று அதற்குக் குறைந்துவிட்டால் துள்ளலே கிடையாது.

ஆக, இதுவரை பார்த்தது: மணல் தரையோரமாகத் துள்ளித் துள்ளிப் போகிறது. காற்றின் வேகம் கொஞ்சம் குறைந்தாலே போதும், சுமந்து வந்த மணலில் பெரும்பகுதியை அது இறக்கி வைத்துவிடும்.

## கொடி செய்கிற வேலை

"வேர் மணலைப் பிடித்து வைக்கிறது" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை. வேர் பிடிப்பதற்கு முதலில் அங்கே மணல் வந்து சேர வேண்டும், அதைச் சேர்ப்பது இலை.

வேகமாக வரும் ஆறு வளைவில் தயங்கும் இடத்தில்தானே வண்டல் படிகிறது? காற்றுக்கும் அதே வழக்கம். அடும்பின் இலைகள் காம்பில் நிமிர்ந்து, ஒரு சாண் உயரத்துக்குத் தரையை மூடி நிற்கின்றன. புத்தகத்தைப் பாதி மூடியது போல நடுநரம்பில் மடிந்தும் நிற்கும். காற்று அந்த இலைக்கூட்டத்துக்குள் நுழைந்ததும் உரசி உரசி வேகம் இழக்கிறது. மேலே காற்று வழக்கம்போல ஓடும், ஆனால் மணல் போவது மேலே இல்லையே! முழங்காலுக்குக் கீழே போகிற சரக்கைப் பிடிக்க முழங்காலுக்குக் கீழே இருக்கிற கொடி போதும். தவிர, துள்ளி வந்த பருக்கை இலை மேலோ தண்டு மேலோ மோதினால் அதன் வேகம் அங்கேயே தீர்ந்துவிடும். மெத்தையில் விழுந்த கோலி எதை அடிக்கும்? அடுத்த பருக்கையைக் கிளப்ப ஆளில்லாமல் சங்கிலி அறுந்துபோகிறது.

நேரில் பார்க்க ஆசையாக இருந்தால், நல்ல காற்றடித்த மறுநாள் காலையில், ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னால் போய், கொடியின் நுனி ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் குந்திப் பாருங்கள். தனியாக நிற்கும் ஒவ்வொரு இலைக்கும் பின்னால், அதாவது காற்று போன திசையில், எலி வால் மாதிரி ஒரு சின்ன மணல் கோடு இருக்கும். விரல் நீளம், சில சமயம் கை நீளம். இலைக்கு முன்னால் மணல் கொஞ்சம் சுரண்டப்பட்டிருக்கும், பின்னால் சேர்ந்திருக்கும். இலைகள் நெருங்கி நிற்கும் இடத்தில் அந்த வால்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, தனித்தனியாகத் தெரியாமல், தரையே நான்கு விரற்கடை உயர்ந்திருக்கும். மணல்மேடு பிறப்பது இப்படித்தான். மணல்மேடு என்று நான் சொல்வது காற்று கொண்டுவந்து குவித்த மணலை மட்டும். லாரியில் கொட்டியதும் மேடுதான், ஆனால் அது வேறு.

வீட்டிலும் செய்யலாம். பழைய செய்தித்தாளை விரித்து, களிமண் உருண்டைகளில் கறிவேப்பிலைக் கொத்துகளைக் குத்தி வரிசையாக வையுங்கள், முன்னால் காய்ந்த மணலைப் பரப்பி மேசை விசிறியைத் தாழ்வாக ஓடவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் கொத்துகளுக்குப் பின்னால் வால் முளைக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் கண்ணில் மணல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

## புதைந்துபோனால் கொடி சாகாதா?

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். இலை மணலைச் சேர்க்கிறது, சேர்ந்த மணல் இலையையே மூடுகிறது, அப்புறம்?

சர்க்கரைவள்ளி நடுவதை நினைத்துப் பாருங்கள். விதை போடுவதில்லை, கிழங்கையும் பெரும்பாலும் நேராக வயலில் வைப்பதில்லை. கொடியை நறுக்கி, நடுவில் சில கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி புதைத்து வைப்பார்கள். கணு என்பது தண்டில் இலை கிளம்பும் முடிச்சு. மண்ணுக்குள் போன கணு வேர்விடும், வெளியே இருக்கும் கணு துளிர்விடும். சர்க்கரைவள்ளிக்கு அதை நாம் செய்கிறோம். சொந்தக்காரனான அடும்புக்குக் காற்று செய்து கொடுக்கிறது.

மணல் மூடமூட அடும்பின் நுனி மேலே நீண்டு வெளியே வரும். புதைந்த கணுக்கள் அந்தப் புது மணலில் வேர்விடும். வெளியே வந்த தண்டில் புது இலைகள், அவை மறுபடி காற்றைத் தடுக்கும், மணல் விழும், கொடி ஏறும். வேலிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒரு தட்டி வேலியும் மணலைப் பிடிக்கும், ஆனால் தட்டி உயரத்துக்கு மணல் வந்ததும் அதன் வேலை முடிந்தது. அடும்பு, மேடு உயர உயரத் தானும் உயர்கிற வேலி. நம்மூர் மேட்டின் ஓரத்தில் ஒரு அடி ஆழத்துக்குக் கையால் தோண்டினால் பழைய தண்டுகள் விரல் மொத்தத்தில், நாலா பக்கமும் வேர் விட்டு, கயிற்று வலை மாதிரி கிடப்பது தெரியும். வேர் மணலைப் பிடித்து வைக்கிறது என்று சொல்வதன் முழு அர்த்தமும் அந்தக் குழியில்தான் இருக்கிறது. பார்த்துவிட்டுத் திரும்ப மூடிவிடுங்கள்.

குடிக்கத் தண்ணீருக்கு என்ன செய்யும் என்றால், மேட்டின் மேல் அங்குலங்கள் காய்ந்துபோய் ஒரு மூடி போல இருக்கும், அடியில் மழை ஈரம் தங்கும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பது கடலோர ஊர்களுக்குப் புதிதில்லை. மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு, அதனால் அதன் மேல் மிதந்துகொண்டிருக்கும்.

அடும்பு தனியாகவும் இல்லை. அதோடும் அதற்குப் பின்னாலும் ராவணன் மீசை என்ற முள்முனைப் புல் வரும். அதன் உருண்டைக் கதிர் காற்றில் உருண்டோட, நாங்கள் சிறுவயதில் பின்னாலேயே ஓடியிருக்கிறோம். புல் மணலைக் குத்தாக, உயரமாகக் குவிக்கும். அடும்பு தாழ்வாக, அகலமாகப் பரப்பும்.

சுருக்கமாக: இலை காற்றை மெதுவாக்கி மணலை இறக்குகிறது, கணு வேர்விட்டு அதைக் கட்டுகிறது, நுனி மேலே வந்து மறுபடி தொடங்குகிறது.

## மேடு இருந்து என்ன பயன்?

மேட்டைச் சுவராக நினைப்பதால்தான் குழப்பம். அதைக் குதிராக நினையுங்கள்.

வீட்டில் அன்றாடச் சமையலுக்குப் பானையில் கொஞ்சம் அரிசி இருக்கும், அதற்குப் பின்னால் குதிரில் நெல் இருக்கும். கடற்கரையின் தட்டையான மணல் அந்தப் பானை, பின்னால் இருக்கும் மேடு குதிர். நம் கிழக்குக் கரையில் கோடையில் கடல் அமைதியாக இருக்கும்போது அலை மணலைக் கரையேற்றுகிறது, அது காய்கிறது, கடலிலிருந்து வீசும் கொண்டல் அதை மேட்டுக்குக் கொண்டு போகிறது, அடும்பு வாங்கி வைத்துக்கொள்கிறது. ஐப்பசி கார்த்திகையில் புயல் வரும்போது கதை திரும்பும். பெரிய அலைகள் மேட்டின் அடியை அறுத்து மணலைக் கடலுக்குள் இழுத்துப் போகின்றன. பார்க்க அழிவு மாதிரி இருக்கும். ஆனால் இழுத்துப் போன மணல் கரைக்குச் சற்று வெளியே நீருக்கடியில் திட்டாகப் படியும், அடுத்து வரும் அலைகள் அங்கேயே உடைந்து பாதி பலத்தோடுதான் கரைக்கு வரும். மேடு தன் மணலைக் கொடுத்து ஊரைக் காப்பாற்றுகிறது. பிறகு கோடையில் அந்த மணல் மெல்லத் திரும்பி வரும்.

2004 டிசம்பர் 26 அன்று பல இடங்களில் உயரமான மேடு இருந்த பகுதிகளில் தண்ணீர் குறைவாகவே உள்ளே போனது. இலங்கையின் யால கடற்கரையில், கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முன்னாலிருந்த மேட்டில் ஒரு பகுதியை எடுத்துவிட்டிருந்த ஒரு விடுதி அடித்துச் செல்லப்பட்டது. தடுத்த இடத்தில் தடுத்தது மேட்டின் உயரம், கொடி இல்லை. அந்த உயரம் ஒரே நாளில் வந்ததும் இல்லை, தலைமுறை தலைமுறையாக அடும்பும் புல்லும் சேர்த்து வைத்தது.

## அடும்பால் முடியாதவை

அலை மேட்டை அடியிலிருந்து அறுக்கும்போது கொடியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. வேர்கள் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். புயல் முடிந்து போய்ப் பாருங்கள், செங்குத்தாக வெட்டுண்ட மணல் சுவரிலிருந்து அடும்பின் தண்டுகள் கயிறு கயிறாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

அதைவிட முக்கியமானது, மணல் வரவே இல்லாத இடத்தில் எந்தக் கொடியும் மேடு கட்டாது. கரையோரமாக மணல் ஆறு போல ஓடுகிறது, நம் கிழக்குக் கரையில் வருடக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காக. குறுக்கே துறைமுகச் சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் கரை தேய்ந்ததும் இப்படித்தான். புதுச்சேரியில் துறைமுகச் சுவர் வந்த பிறகு நகரின் முன்னால் இருந்த மணற்கரை காணாமல் போனதும் இதே காரணம். அங்கெல்லாம் போய் அடும்பு நட்டால் தீரும் என்று சொல்வது, வருமானமே நின்றுபோன வீட்டுக்குப் பெரிய உண்டியல் வாங்கித் தருவது போல.

ஆக: காற்று கொண்டு வரும் மணலைச் சேர்ப்பது அடும்பின் வேலை. அலை எடுத்துப் போவதையும், சுவர் மறித்து நிறுத்துவதையும் அதனிடம் கேட்க முடியாது.

## நாம் செய்கிற கெடுதல்கள்

பிடுங்குவது மட்டும் இல்லை. ஒற்றையடிப் பாதை யாருக்கும் கெடுதலாகத் தெரியாது, ஆனால் மேட்டின் குறுக்கே தினமும் ஒரே இடத்தில் நடந்தால் அங்கே கொடி நசுங்கிச் சாகும். வெறும் மணலான அந்தக் கீறலில் காற்று புனலில் புகுவது போல வேகமாகப் புகுந்து, பள்ளத்தை ஆழமாக்கும். வேகம் கூடினால் மணல் எத்தனை மடங்கு போகும் என்று மேலே பார்த்தோம். சில வருடத்தில் அது மேட்டில் ஒரு வாசல். புயல் நாளில் கடல் தேடி வருவது அந்த வாசலைத்தான். எல்லோரும் நடக்க ஒரே வழி வைத்து, அதையும் காற்றுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாக வளைத்து விட்டாலே பாதிப் பிரச்சினை குறையும்.

சவுக்கு நடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரம் நட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சவுக்கு ஊசிகள் உதிர்ந்து தரையை மெத்தையாக மூடிவிட்டால் கீழே அடும்புக்கு வெளிச்சமும் இல்லை, இடமும் இல்லை. மேட்டைச் சமப்படுத்திவிட்டுச் சவுக்கு நட்டால், நெற்குதிரை உடைத்துவிட்டு அதே இடத்தில் கொட்டகை போட்ட கதைதான். விறகுக்கும் வருமானத்துக்கும் சவுக்கு வேண்டும், மறுக்கவில்லை, அது மேட்டுக்குப் பின்னால் இருக்கட்டும்.

கொடி இல்லாத மணல் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க வேண்டுமானால் யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் மணற்காடு என்ற ஊருக்குப் போகலாம். பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் அங்கே மணலுக்குள் பாதி அமிழ்ந்து நிற்கின்றன. கட்டப்படாத மணல் ஓரிடத்தில் நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும், வழியில் இருப்பதை மூடும்.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. இந்தியாவின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு, 2011-இலும் 2019-இலும், மணல்மேடுகளை மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள முதல் வகையில் வைத்திருக்கிறது. மேட்டை மண்வெட்டி இயந்திரம் வைத்துத் தள்ளுகிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

நட விரும்புகிறவர்களுக்குச் செலவே கிடையாது. மழை தொடங்கியதும், தழைத்துக் கிடக்கும் இடத்திலிருந்து நான்கைந்து கணு உள்ள துண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுங்கள், ஒரே இடத்தை மொட்டையடிக்க வேண்டாம். வழக்கமாக அலை எட்டும் கோட்டுக்கு மேலே, மேட்டின் கடல் பார்த்த சரிவில், ஈரம் தட்டுப்படும் ஆழத்தில் இரண்டு மூன்று கணுக்களைப் புதைத்து நுனியை வெளியே விடுங்கள். எங்கள் ஊரில் பிடுங்கிக் குவித்த கொடிகளை அப்படித்தான் அன்று மாலையே நான்கு பேர் சேர்ந்து திரும்பப் புதைத்தோம். பாதிக்கு மேல் காய்ந்துவிட்டது. பிழைத்தவற்றில் தை மாதம் பூ வந்தது, இப்போது ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மணல் வால் இருக்கிறது.